ராக் கிட்டார் கற்பவர்களுக்கு: பவர் கார்டு, பாம் மியூட், பெண்ட்

ராக் கேட்டு ஆசைப்பட்டு எலக்ட்ரிக் கிட்டார் வாங்குகிறவர்களில் பலர் முதல் மாதத்திலேயே ஓசையைக் கரகரப்பாக்கும் ஒரு டிஸ்டார்ஷன் பெடலும் வாங்கிவிடுகிறார்கள். மிதித்தால் சத்தம் வருகிறது. ஆனால் ரெக்கார்டில் கேட்ட சத்தம் வருவதில்லை. வாசித்த தந்தியோடு வாசிக்காத தந்திகளும் சேர்ந்து இரைகின்றன. உடனே பெடலை மாற்றிப் பார்க்கிறார்கள், ஆம்ப்பை மாற்றிப் பார்க்கிறார்கள். கோளாறு அங்கே இல்லை. டிஸ்டார்ஷன் நல்ல ஓசை, கெட்ட ஓசை என்று பிரித்துப் பார்க்காது. விரல் உரசல், பிக் (தந்தியை அடிக்கும் சில்லு) தடுமாற்றம், பக்கத்துத் தந்தியின் அதிர்வு எல்லாவற்றையும் ஒரே அளவுக்குப் பெரிதாக்கிவிடும். ஆகவே ராக் கிட்டாரில் பாதி வேலை வேண்டாத ஓசையை அடக்குவது. அது கைவந்தால் சாதாரண கிட்டாரும் நன்றாகப் பேசும்.

முதலில் கருவி

தொடக்கத்தில் 9–42 தந்தி செட் போதும். முதல் தந்தி 0.009 அங்குலம், ஆறாவது 0.042 அங்குலம். விரலுக்குப் பழகியதும் 10–46க்குப் போகலாம். 1950களில் கடையில் கிடைத்த செட்களில் தந்திகள் தடிமன். மூன்றாவது தந்தி கம்பி சுற்றியதாகவே வரும், அதை வளைப்பது பெரும்பாடு. அதனால் சிலர் முதல் தந்திக்குப் பதிலாக பாஞ்சோ தந்தியைப் போட்டு, மற்றவற்றை ஒவ்வொரு இடம் தள்ளிக் கட்டிக்கொண்டார்கள். 1960களில் எர்னி பால் போன்றவர்கள் மெல்லிய செட்களை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகுதான் தந்தியைத் தள்ளி வாசிப்பது எல்லோருக்கும் எட்டியது.

தந்தியின் உயரத்தை 12ஆவது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த கம்பி) அளந்து பாருங்கள். ஃப்ரெட்டின் தலையிலிருந்து தந்தியின் அடி வரை முதல் தந்தியில் சுமார் 1.5 மில்லிமீட்டர், ஆறாவதில் சுமார் 2 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. புதிதாக வாங்கிய மலிவு கிட்டார்களில் இது 3 மில்லிமீட்டருக்கு மேல்கூட இருக்கும். அப்படி இருக்கும்போது பார் கார்டு (ஒரே விரலால் பல தந்திகளை அழுத்தும் சுரக்கூட்டு) வரவில்லை என்று பிள்ளை அழுதால் அது பிள்ளையின் தவறே இல்லை. கடையில் செட்டப் செய்து தரச் சொல்லுங்கள்.

பிக் 0.88 அல்லது 1 மில்லிமீட்டர். மெல்லிய பிக் வளைந்து பின்தங்கும். ராக் ரிதத்துக்கு அது உதவாது. ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் வைத்துக் கட்டைவிரலால் மூடுங்கள். நுனி மூன்று நான்கு மில்லிமீட்டர் மட்டும் வெளியே தெரியட்டும். கூடுதலாக நீட்டினால் தந்தியில் மாட்டிக்கொள்ளும்.

வீட்டில் பழக 10 முதல் 20 வாட் ஆம்ப் தாராளம். ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள்: ஆம்ப்பின் மூன்று முனை பிளக்கை, எர்த் உள்ள பாயிண்டில்தான் போட வேண்டும். எர்த் முனையை ஒடித்துவிட்டோ இரண்டு முனை அடாப்டர் வைத்தோ ஓட்டக் கூடாது. தந்தியைத் தொட்டால் சுள்ளென்று ஷாக் அடிப்பதுபோல் இருந்தால் உடனே அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வெறும் இரைச்சல் வேறு விஷயம். சிங்கிள் காயில் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் ஒற்றைச் சுருள்) உள்ள கிட்டார், வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தை வாங்கிக்கொள்ளும். ஆம்ப், கம்ப்யூட்டர், டியூப்லைட் ஆகியவற்றிலிருந்து விலகி, உட்காரும் திசையைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள், நன்றாகவே குறையும்.

அக்கூஸ்டிக் மட்டும்தான் வீட்டில் இருக்கிறது என்றால் காத்திருக்க வேண்டாம். இரண்டு சுரம் மட்டும் சேரும் பவர் கார்டும் உள்ளங்கையால் தந்தியை அடக்கும் பாம் மியூட்டும் அதிலேயே பழகலாம். தந்தியைத் தள்ளிச் சுரத்தை ஏற்றும் பெண்ட் மட்டும் அரை சுரத்துக்கு (ஒரு ஃப்ரெட் அளவு) மேல் எளிதில் வராது. வற்புறுத்தினால் விரல்தான் புண்ணாகும்.

பவர் கார்டு ஏன் வந்தது

1958இல் வெளிவந்த 'ரம்பிள்' என்ற பாட்டில்லா இசைத்தட்டுக்காக கிட்டார் கலைஞர் லிங்க் ரே தன் ஆம்ப்பின் ஸ்பீக்கர் காகிதத்தில் பென்சிலால் ஓட்டை போட்டார். 1964இல் தி கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் ஒரு சின்ன ஆம்ப்பின் ஸ்பீக்கரை பிளேடால் கீறினார். இருவருக்கும் வேண்டியது ஒன்றுதான்: கிழிந்து கரகரக்கும் ஓசை. அந்த ஓசையில் முழு கார்டு வாசித்தால் குழம்பும். இரண்டு சுரம் மட்டும் வாசித்தால் மலைபோல் நிற்கும். காரணம் கணக்கிலேயே இருக்கிறது.

ஆறாவது தந்தி 5ஆவது ஃப்ரெட்டில் வரும் ஏ (A) சுரம் 110 ஹெர்ட்ஸ். அதோடு சேரும் ஈ (E) சுரம் 164.8 ஹெர்ட்ஸ். டிஸ்டார்ஷன் வழியாகப் போகும் இரண்டு சுரங்கள் தங்கள் வித்தியாசத்தையும் ஒரு புதிய ஓசையாக உண்டாக்கும். இங்கே வித்தியாசம் 54.8, ஏறக்குறைய 55, அதாவது அதே ஏவின் கீழ் ஸ்தாயி. வாசிக்காத ஒரு பேஸ் சுரம் தானாக வந்து அடியில் உட்கார்ந்துகொள்கிறது. இப்போது நடுவில் சி ஷார்ப்பைச் சேர்த்து மேஜர் கார்டு ஆக்குங்கள்: அது 138.6 ஹெர்ட்ஸ். ஏவோடு வித்தியாசம் 28.6, ஈயோடு வித்தியாசம் 26.2. ஏவின் இன்னும் கீழான ஸ்தாயி 27.5. இரண்டும் அதற்குப் பக்கத்தில் வந்து, அதிலும் சேராமல் ஒன்றோடொன்றும் சேராமல் மோதுகின்றன. காதுக்கு அது சேறாகக் கேட்கிறது. கெயினை (டிஸ்டார்ஷனின் அளவை) கூட்டிக்கொண்டு ஓப்பன் கார்டு (அழுத்தாத தந்திகளும் சேரும் கார்டு) அடிக்கும் மாணவருக்கு நேர்வது இதுதான். கெயினைக் குறைத்தால் மேஜர் கார்டும் தெளியும்.

இனி கை. ஆள்காட்டி விரல் ஆறாவது தந்தி 5ஆவது ஃப்ரெட், மோதிர விரல் ஐந்தாவது தந்தி 7ஆவது ஃப்ரெட், சுண்டு விரல் நான்காவது தந்தி 7ஆவது ஃப்ரெட் (அதே ஏவின் மேல் ஸ்தாயி). ஃப்ரெட் கம்பிக்கு ஒட்டி, சற்றுப் பின்னால் அழுத்துங்கள். நடுவில் அழுத்தினால் கூடுதல் பலம் வேண்டும். ஆள்காட்டி விரலை நுனியில் நிறுத்தாமல் கொஞ்சம் படுக்க விடுங்கள். அதன் அடிப்பகுதி மூன்று, இரண்டு, ஒன்றாம் தந்திகளை மெல்லத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். அழுத்த வேண்டாம், தொட்டால் போதும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆறு தந்தியையும் ஒருமுறை வாரி அடியுங்கள். மூன்று சுரம் மட்டும் கேட்டு மற்றவை 'டக்' என்று ஊமையாக விழுந்தால் கை அமைந்துவிட்டது.

அதே வடிவத்தை ஒரு தந்தி கீழே இறக்கி ஐந்தாவது தந்தியில் வைத்தால் ஆள்காட்டி விரலுக்கு இன்னொரு வேலை சேர்கிறது: அதன் நுனி ஆறாவது தந்தியைத் தொட்டு ஊமையாக்க வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். பாதி பேருடைய ரிதம் இரைவதற்குக் காரணம், யாரும் அடக்காமல் ஓடிக்கொண்டிருக்கும் அந்த ஆறாவது தந்திதான்.

இடம் மாறும்போது விரல்களைத் தூக்காதீர்கள். அழுத்தத்தை மட்டும் விட்டு, தந்தியைத் தொட்டபடியே நகர்த்தி, புதிய இடத்தில் மறுபடி அழுத்துங்கள். தூக்கினால் ஓப்பன் தந்தி ஒலிக்கும். அழுத்தியபடியே இழுத்தால் நடுவில் உள்ள சுரமெல்லாம் கேட்கும்.

இந்த வடிவம் வந்ததும் ஒரு சின்னச் சேர்க்கை செய்து பாருங்கள். ஆறாவதும் ஐந்தாவதும் மட்டும் அடித்து, இரண்டு அடிக்கு ஒருமுறை சுண்டு விரலால் ஐந்தாவது தந்தி 9ஆவது ஃப்ரெட்டைத் தொட்டு எடுங்கள். பூகி-வூகி பியானோவில் இடது கை வாசித்த நடை இது. சக் பெர்ரி இதைக் கிட்டாருக்குக் கொண்டுவந்து நிலைநிறுத்தினார். அவருக்குப் பின் வந்த ராக் ரிதத்தில் பெரும்பகுதி இதன் பிள்ளைகள். சுண்டு விரல் எட்டவில்லை என்றால் 5ஆவது ஃப்ரெட்டில் போராடாமல் 9ஆவது ஃப்ரெட்டிலிருந்து தொடங்குங்கள். அங்கே ஃப்ரெட்டுகள் நெருக்கம். வாரத்துக்கு ஒரு ஃப்ரெட்டாகக் கீழே இறங்கி வரலாம்.

பாம் மியூட்டும் கீழடியும்

வலது உள்ளங்கையின் சுண்டு விரல் பக்க ஓரத்தை, தந்திகள் பிரிட்ஜிலிருந்து (கிட்டார் உடலில் தந்திகளைத் தாங்கும் பகுதி) கிளம்பும் இடத்தில் வையுங்கள். பாதி பிரிட்ஜ் மேல், பாதி தந்தி மேல். அடித்தால் சுரம் அடையாளம் தெரிய வேண்டும், ஆனால் நீளக் கூடாது. சுரமே தெரியாமல் 'தொப்' என்று விழுந்தால் கை பிக்கப் பக்கம் முன்னேறிவிட்டது. இரண்டு மில்லிமீட்டர் பின்னால் இழுங்கள். மியூட்டே ஆகவில்லை என்றால் இரண்டு மில்லிமீட்டர் முன்னால். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அந்த இடம் ஒவ்வொரு கிட்டாரிலும் வேறு.

அடித்தபடி இருக்கும்போது சுரம் கொஞ்சம் ஏறி அலைகிறதா? ஸ்ட்ராடோகாஸ்டர் வகை கிட்டாரில் பிரிட்ஜ் மிதக்கும். அதன் பின்புறத்தில் உள்ளங்கை பாரம் விழுந்தால் தந்திகள் இறுகிச் சுருதி ஏறும். கையின் பாரத்தை முழங்கையில் தாங்கி, ஓரத்தை மட்டும் மேலே வையுங்கள். கிட்டாரின் பின்மூடியைத் திறந்து இரண்டு ஸ்க்ரூக்களை முறுக்கினால் பிரிட்ஜ் உடலோடு ஒட்டி நிற்கும். தொடக்கக்காரர்களுக்கு அது நிம்மதி. பழகாத கையென்றால் கடையில் கொடுத்துச் செய்துகொள்ளுங்கள்.

அடி எல்லாம் கீழ்நோக்கியே இருக்கட்டும். ரமோன்ஸ் குழுவின் ஜானி ரமோன் மேடையில் கீழடியே அடித்தார். மெட்டாலிகாவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் ரிதமும் அதற்குப் பெயர் போனது. மேலும் கீழும் அடித்தால் ஒரு அடி தடித்த தந்தியிலும் மறு அடி மெல்லிய தந்தியிலும் தொடங்கும். கீழடியில் எல்லா அடியும் ஒரே எடையில் விழும். மெட்ரோனோமை (தாளத் துடிப்புக் கருவி) நிமிடத்துக்கு 80 துடிப்பில் வைத்து, ஒரு துடிப்புக்கு இரண்டு அடியாக இரண்டு நிமிடம் விடாமல் அடியுங்கள். முன்கை இறுகாமல் முடிந்தால் மறுநாள் 84. இறுகினால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். மணிக்கட்டிலிருந்து அடிக்க வேண்டும். தோளும் முழங்கையும் உழைத்தால் 120ஐத் தாண்ட முடியாது. விரல் நுனி எரிவது சகஜம், சில வாரங்களில் காய்த்துவிடும். மணிக்கட்டு வலி சகஜம் இல்லை. அதைப் பொறுத்துக்கொண்டு பழகவே கூடாது.

இங்கே ஒரு விஷயம். கிட்டார் எடுத்த எல்லோரும் முதலில் தடவிப் பார்க்கும் டீப் பர்ப்பிளின் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' ரிஃப்பை (மீண்டும் மீண்டும் வரும் சின்ன இசைத்துண்டு) பெரும்பாலோர் ஒரே தந்தியிலோ பவர் கார்டிலோ அடிக்கிறார்கள், பிறகு ஏன் அதுபோல் இல்லை என்று கேட்கிறார்கள். அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் ரிச்சி பிளாக்மோர் அதை நான்காவது, மூன்றாவது தந்திகளை ஜோடியாக வைத்து வாசித்தார். இரண்டும் ஒரே ஃப்ரெட்டில் இருப்பதால் இடைவெளி நான்காம் சுரம். பவர் கார்டைத் தலைகீழாக்கியது போன்றது. பிக் இல்லாமல் விரல்களால் இரண்டையும் ஒரே நேரத்தில் கிள்ளினார். கிள்ளிப் பாருங்கள், ஆம்ப்பைத் தொடாமலே ஓசை மாறிவிடும்.

பெண்ட்: காதின் வேலை

தந்தியைத் தள்ளிச் சுரத்தை ஏற்றுவது பெண்ட். வீணையில் தந்தியை இழுத்து வரும் கமகத்தைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இதன் அழகு உடனே பிடிபடும். ராக்கில் இது ப்ளூஸ் வழியாக வந்தது. பழகத் தொடங்குபவர்கள் செய்யும் தவறு எப்போதும் ஒன்றே: போய்ச் சேர வேண்டிய சுரம் எது என்று தெரியாமல் தள்ளுவது. முக்கால் தூரத்தில் நின்றுவிடும் பெண்ட், முழு சோலோவையும் கெடுத்துவிடும்.

ஆகவே சேர வேண்டிய இடத்தை முதலில் வாசியுங்கள். இரண்டாவது தந்தி 5ஆவது ஃப்ரெட்: ஈ. நான்கைந்து முறை அடித்துக் காதில் ஏற்றிக்கொண்டு, வாயாலும் முணுமுணுங்கள். இப்போது மூன்றாவது தந்தி 7ஆவது ஃப்ரெட்: டி (D). மோதிர விரல் 7இல், நடுவிரல் அதே தந்தியில் 6இல், ஆள்காட்டி விரல் 5இல். மூன்று விரலும் சேர்ந்துதான் தள்ள வேண்டும். கட்டைவிரலை கழுத்தின் மேல் விளிம்பில் வளைத்துப் பிடித்து, ஆள்காட்டி விரலின் அடிப்பகுதியைக் கழுத்தின் கீழ் விளிம்பில் ஊன்றி, மணிக்கட்டைத் திருப்புங்கள். விரல்கள் மடங்கவும் நீளவும் கூடாது. கொக்கிபோல் அப்படியே நிற்க, திரும்புவது மணிக்கட்டு மட்டும். இப்படிச் செய்தால் சின்னக் கைக்கும் பலம் போதும். வெறும் விரல் பலத்தில் தள்ளினால் பத்து நிமிடத்தில் தளர்ந்துவிடும்.

சேர்ந்துவிட்டதா என்று சரிபார்க்க ஒரு வழி: ஆள்காட்டி விரலை இரண்டாவது தந்தி 5ஆவது ஃப்ரெட்டுக்கு மாற்றி, மோதிர விரலும் நடுவிரலும் மூன்றாவது தந்தியில் இருக்க, இரண்டு தந்தியையும் சேர்த்து அடித்தபடி தள்ளுங்கள். சுரங்கள் நெருங்க நெருங்க ஓசை வேகமாகத் துடிக்கும். இன்னும் நெருங்கினால் துடிப்பு மெதுவாகும். ஒன்று சேர்ந்ததும் நின்றுவிடும். தாண்டிப் போனால் மறுபடி துடிக்கத் தொடங்கும். இதைவிட நேர்மையான ஆசிரியர் கிடைப்பது அரிது. ட்யூனர் ஆப்கூட இவ்வளவு சீக்கிரம் சொல்லாது. இந்த இரட்டைச் சுரமே ராக் சோலோக்களில் நிறையப் பயன்படும் ஒரு வாசிப்பு, ஆக பயிற்சி வீணாகாது.

பெண்ட் செய்யும்போது நான்காவது தந்தி விரல்களுக்கு அடியில் மாட்டி, திரும்பி வரும்போது 'ட்வாங்' என்று தெறிக்கும். ஆள்காட்டி விரல் நுனி அதைத் தொட்டு அடக்கட்டும். நான்கு, ஐந்து, ஆறாம் தந்திகள் மேல் வலது உள்ளங்கை ஓரம் சாய்ந்திருக்கட்டும். தந்தி விரலுக்கு அடியிலிருந்து நழுவினால், தள்ளும் விசை இருந்து அழுத்தும் விசை குறைந்துவிட்டது என்று பொருள். பாதியில் சுரம் செத்துப்போனால், குறிப்பாக முதல் இரண்டு தந்திகளில், தந்தி மேலே உள்ள ஃப்ரெட்டை இடிக்கிறது. உயரத்தைக் கொஞ்சம் ஏற்ற வேண்டும்.

பெண்ட் நிலைத்த பிறகே விப்ராட்டோ, அதாவது சுரத்தை அலையவிடுவது. ப்ளூஸின் பி.பி. கிங்கும் 1966இல் ஜான் மேயாலின் ப்ளூஸ்பிரேக்கர்ஸோடு பதிவு செய்த எரிக் கிளாப்டனும் ஒரே ஒரு சுரத்தில் தங்களை அடையாளம் காட்டக் காரணம் இதுதான். அதே மணிக்கட்டுத் திருப்பல், சின்ன அளவில், மீண்டும் மீண்டும். மெட்ரோனோம் 60இல், ஒரு துடிப்புக்கு இரண்டு அசைவு, பிறகு மூன்று, பிறகு நான்கு. ஒவ்வொரு அசைவும் கிளம்பிய சுரத்துக்கே திரும்ப வேண்டும். நடுங்குவதுபோல் கேட்டால் அசைவின் அகலம் சீராக இல்லை. வேகத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டுங்கள்.

கெயின் எவ்வளவு

பத்துக்கு நான்கு. பேஸ் (கீழ் ஒலி) ஐந்து, மிட் (நடு ஒலி) ஆறு, ட்ரெபிள் (மேல் ஒலி) ஐந்து. இதிலிருந்து தொடங்கிக் காதால் திருத்துங்கள். தனியாக அறையில் வாசிக்கும்போது மிட்டைக் குறைத்தால் பிரமாதமாகக் கேட்கும். டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்ததும் அந்தக் கிட்டார் காணாமல் போய்விடும், ஏனென்றால் கிட்டாரின் குரல் இருப்பதே மிட்டில்தான். பழகும்போது டிஸ்டார்ஷன் இல்லாமல் பாதி நேரமும் போட்டுப் பாதி நேரமும் வாசியுங்கள். சுத்த ஓசையில் தடுமாற்றம் தெரியும், டிஸ்டார்ஷனில் இரைச்சல் தெரியும்.

ரெக்கார்டோடு சேர்ந்து வாசிக்கும் முன்

யூடியூபில் வேகத்தை 0.75க்குக் குறைத்து, நான்கு நான்கு விநாடியாகக் காதால் எடுங்கள். டேப் (எந்தத் தந்தி, எந்த ஃப்ரெட் என்று எழுதிய குறிப்பு) பார்த்து எடுப்பது வேகம். ஆனால் காதால் எடுத்தது கையில் தங்கும். எல்லாம் சரியாக வாசித்தும் ரெக்கார்டோடு ஒட்டவில்லை என்றால் உங்களைச் சந்தேகிக்கும் முன் ட்யூனிங்கைச் சந்தேகியுங்கள். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் பல பதிவுகளில் எல்லாத் தந்தியையும் அரை சுரம் இறக்கி வைத்திருந்தார். பிளாக் சாபத் குழுவின் டோனி அயோமி 17 வயதில் பர்மிங்காம் தொழிற்சாலை விபத்தில் வலது கையின் நடு விரல், மோதிர விரல் நுனிகளை இழந்தவர். இடதுகைக்காரர் என்பதால் தந்தியை அழுத்துவது அந்தக் கைதான். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்கு மூடி செய்து போட்டு, மெல்லிய தந்திகளைக் கட்டினார். பிறகு 1971 ஆல்பத்திலிருந்து சில பாடல்களில் ஒன்றரை சுரம் இறக்கித் தளர்த்தினார். ஹெவி மெட்டலின் அந்த இருண்ட கனமான ஓசைக்கு இந்தத் தளர்ச்சியும் ஒரு காரணம்.

உங்கள் கிட்டாரை அரை சுரம் இறக்க 9–42 செட் தாங்கும். ஒன்றரை சுரம் இறக்கினால் ஆறாவது தந்தி தொளதொளத்து ஃப்ரெட்டில் அடிக்கும், அழுத்தும்போதே சுருதி ஏறும். அதற்கு 11–49 செட் மாட்டுங்கள். தடித்த தந்திக்கு நட்டின் (கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் பதியும் பட்டை) பள்ளம் குறுகலாக இருந்தால் ட்யூன் செய்யும்போது 'டிக்' என்று சத்தம் வந்து சுருதி தாவும். பென்சில் முனையால் பள்ளத்தில் கொஞ்சம் கிராஃபைட் தடவினால் வழுக்கிக்கொடுக்கும், அதற்கும் அடங்கவில்லை என்றால் பள்ளத்தை அரத்தால் சீர்செய்யக் கடையில் கொடுக்க வேண்டும். புதுத் தந்தி மாட்டியதும் ஒவ்வொன்றையும் விரலால் மெல்ல மேலே இழுத்துவிட்டு மறுபடி ட்யூன் செய்யுங்கள். மூன்று நான்கு முறை செய்தால் பிறகு இறங்காது. கடற்கரை ஊர்களில் வியர்வையும் உப்புக்காற்றும் சேர்ந்து தந்தியைச் சீக்கிரம் துருவேற்றும், துருவேறிய தந்தியில் பெண்ட் வழுக்காது. வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் அடிப்பக்கம் சேர்த்துத் துடைத்து வையுங்கள்.